உட்கார்ந்த இடத்தில் முந்நூற்று நாற்பது

ஜூன் 3, செவ்வாய்

எடை 94.6. உயரம் 168.

தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார் உணவியல் நிபுணர் ரெஜினா. என்ன சாப்பிட்டேன், எவ்வளவு நடந்தேன், மனதில் என்ன இருந்தது. மூன்றாவது எதற்கு என்று கேட்டேன். "சும்மா எழுதி வைங்க சார், பின்னால உதவும்" என்றார். தாலுகா அலுவலகத்தில் இருபது வருடமாக நிலத்துக்குப் படம் வரைகிறவன் நான். கோடும் எண்ணும் வரும். மனதை எழுதிப் பழக்கமில்லை.

விஷயம் இவ்வளவுதான். அக்கா கலாமணிக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. பதினோரு மாதமாக டயாலிசிஸ், செவ்வாயும் வெள்ளியும். அக்காவின் கணவர் மாமாவுக்குச் சர்க்கரை இருப்பதால் அவர் கொடுக்க முடியாது. அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. என்னுடையது பொருந்துகிறது. ஆனால் இந்த எடையில் எனக்குக் கத்தி வைக்கமாட்டார்களாம். எண்பத்தைந்துக்குக் கீழே வரவேண்டும். மூன்று மாத அவகாசம்.

கோயம்புத்தூர் மருத்துவமனையிலிருந்து ஈரோடு திரும்பும்போது மாமா பேருந்தில் என் கையைப் பிடித்தபடியே வந்தார். பெருந்துறை தாண்டியும் விடவில்லை.

ஜூன் 5, வியாழன்

என் மனைவி சுகந்தி எனக்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி வந்தாள். அதைக் கையில் கட்டிவிட்டு, "இனிமே நீங்க ஏமாத்த முடியாதுங்க" என்று சிரித்தாள்.

காலையில் மைதானத்தில் பதின்மூன்று சுற்று. ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஒரு மணி நேரம். 612 கலோரி என்று காட்டியது. பெரிய எண். ஒரு வேளைச் சாப்பாடு மொத்தமும் போனது போல இருந்தது.

பேக்கரியில் டீ. வீடு வந்தபோது எட்டே கால். காலைப் பலகாரம் வேண்டாம் என்றேன். பசியில்லை.

ஜூன் 6, வெள்ளி

598. பேக்கரியில் டீ. காலையில் பசியில்லை.

ஜூன் 12, வியாழன்

641. இதுவரைக்கும் இதுதான் அதிகம். மதியம் அரிசிம்பருப்புச் சாதம் இரண்டாம் முறை போட்டுக்கொண்டேன். சுகந்தி பார்த்தாள். வாட்ச்சைக் காட்டினேன். அவள் கொஞ்சம் நெய்யும் விட்டாள்.

ஜூன் 17, செவ்வாய்

93.1. ஒன்றரைக் கிலோ. மாமாவுக்குப் போன் செய்து சொன்னேன். பக்கத்தில் இருந்த யாரிடமோ அவர் "என்ற மச்சான் ஒன்றரைக் கிலோ எறக்கிட்டான்" என்று சொல்வது கேட்டது. டயாலிசிஸ் முடிந்து தூங்குவதால் அக்காவிடம் பிறகு சொல்வதாகச் சொன்னார்.

இதே வேகத்தில் போனால் செப்டம்பர் முதல் வாரம். வரைபடத் தாளில் கோடு போட்டுப் பார்த்தேன். கோடு நேராக இறங்கி 85-ஐ வெட்டியது. அந்த இடத்தில் பென்சிலை எடுத்துவிட்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

93.4. முதலில் இறங்கியது பெரும்பாலும் தண்ணீர் எடைதான் என்கிறார் ரெஜினா. அது எப்படி என்று புரியவில்லை.

குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று விசாரித்தார். அப்பா எப்படித் தவறினார் என்றும் கேட்டார். குடலிறக்க ஆபரேஷனுக்குப் போனார், வெளியே வரவில்லை என்றேன். "அப்ப உங்களுக்கு என்ன வயசு?" பன்னிரண்டு. "நீங்க அங்க இருந்தீங்களா?" இருந்தேன். அவருடைய சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் இருந்தேன். ரெஜினா ஏதோ குறித்துக்கொண்டார். கலோரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தமோ.

ஜூலை 8, செவ்வாய்

மாமா லாரி புக்கிங் வேலையாகச் சேலம் போய்விட்டார். அக்காவை டயாலிசிஸுக்கு நான் கூட்டிப்போனேன். இதுவரை வாசலோடு திரும்பியவன், இன்றுதான் முதன்முறையாக உள்ளே உட்கார்ந்தேன்.

எட்டுக் கட்டில்கள். அக்காவின் இடது கையில் நரம்பு கயிறு போலப் புடைத்திருக்கிறது. அதில் இரண்டு ஊசிகள், சாதாரண ஊசிகள் அல்ல. செவிலியர் முதல் ஊசியை ஏற்றும்போது அக்கா என்னைப் பார்த்து, "சுகந்தி சட்னிக்குப் புளி சேக்கறாளா இன்னும்? வேண்டாம்னு சொல்லு" என்றாள். இரத்தம் குழாயில் வெளியே போய்ச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது.

ஐம்பது நிமிடம் இருந்தேன். அதற்குள் மாமா வந்துவிட்டார். வெளியே வந்து வாட்ச்சைப் பார்த்தால், வண்டி நிறுத்தியபோது அழுத்திய நடைப்பயிற்சிப் பொத்தானை நான் அணைக்கவே இல்லை. நாடித்துடிப்பு சராசரி 128. செலவு 340 கலோரி.

உட்கார்ந்த இடத்திலேயே முந்நூற்று நாற்பது. மன உழைப்பையும் இது கணக்கெடுக்கிறது போலும். நல்ல வாட்ச். இன்றைய மொத்தத்தில் சேர்த்துக்கொண்டேன். திரும்பும் வழியில் ஹோட்டலில் பரோட்டா, இரண்டு.

ஜூலை 11, வெள்ளி

அக்காவுடன் போக முடியவில்லை. அலுவலகத்தில் அவசர வேலை.

ஜூலை 15, செவ்வாய்

அவசர வேலை.

ஜூலை 23, புதன்

94.0. தராசு சாய்ந்திருக்கலாம். தரையை ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். தரை சரியாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

93.9. இரண்டு மாதத்தில் எழுநூறு கிராம்.

ரெஜினா இந்த நோட்டைப் பதினைந்து நிமிடம் படித்தார். கால்குலேட்டரை எடுத்து ஏதோ தட்டினார்.

"சார், உங்க நோட்டுல இருக்கற சாப்பாடும் உங்க வாட்ச்சுல இருக்கற செலவும் நெஜம்னா, இந்நேரம் நீங்க அஞ்சரைக் கிலோ கொறஞ்சிருக்கணும். அப்ப ரெண்டுல ஒண்ணு தப்பு. இல்லாட்டி ரெண்டுமே தப்பு."

வாட்ச் எப்படித் தப்பாகும், அது கருவிதானே என்றேன்.

"அது உங்க ஒடம்புக்குள்ள போய் அளக்கறதில்ல சார். நாடித்துடிப்பு, வயசு, எடை, கை ஆட்டம் இதெல்லாம் வெச்சு ஒரு அனுமானம். அவ்வளவுதான். அறுநூறுன்னு காட்டுனா நெஜத்துல முந்நூத்தம்பதா இருக்கலாம். ஆளுக்கு ஆள் மாறும். அதுலயும் நீங்க அந்த ஒரு மணி நேரம் சும்மா படுத்திருந்தாலே எண்பது போகும். அதையும் சேத்துத்தான் காட்டுது. நடந்ததால கூடுதலாப் போனது எரநூத்தம்பதோ என்னவோ. நீங்க அறுநூறுன்னு நம்பி அறுநூறுக்குச் சாப்டறீங்க."

அவர் பக்கங்களைப் புரட்டி ஜூலை 8-இல் விரலை வைத்தார்.

"இங்க பாருங்க. இது ஒடற்பயிற்சி இல்ல சார். பயந்தாலும் நெஞ்சு வேகமா அடிக்கும். நெஞ்சு அடிச்சா நீங்க ஓடறீங்கன்னு வாட்ச் நெனச்சுக்கும். அதுக்கு வித்தியாசம் தெரியாது."

பிறகு மெதுவாக, "உங்களுக்குத் தெரியும்ல?" என்றார்.

பயமெல்லாம் இல்லை, அன்று அங்கே புழுக்கம் என்றேன். இனி நடையைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள், சாப்பாட்டை மட்டும் அளந்து எழுதுங்கள், விட்டுப்போனது இருந்தால் அதையும் எழுதுங்கள் என்றார். கோயம்புத்தூர் மருத்துவர் கெடுவை ஒரு மாதம் நீட்டியிருக்கிறார்.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது.

ஆகஸ்ட் 6, புதன்

633.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சுகந்தி ரொட்டி வாங்க அந்தப் பேக்கரிக்குப் போயிருக்கிறாள். என் பெயரைச் சொல்லி ரொட்டி கேட்டதும் கடைக்காரர், "சார் இன்னைக்கு வரலீங்களா? ரெண்டு தேங்காய் பன், ஒரு முட்டை பப்ஸ் தனியா எடுத்து வெச்சிருக்கறனே" என்று பொட்டலத்தைக் கொடுத்துவிட்டார்.

அவள் அதைக் கொண்டுவந்து மேசையில் என் முன்னால் வைத்தாள். திட்டவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தெனமுங்களா?"

ஆமாம் என்றேன்.

"பசிக்குதுங்களா உங்களுக்கு? இல்ல, பயமா இருக்குதுங்களா?"

பசிதான் என்றேன். நடப்பதால் வருகிற பசி.

அவள் பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்தாள். "எனக்குப் பயமாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு எழுந்து துணி காயப்போடப் போனாள்.

ஜூன் ஐந்து முதல் இன்று வரை தேங்காய் பன் தினமும் இரண்டு. பப்ஸ் பெரும்பாலான நாட்கள். ரெஜினா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அக்காவுக்கு மூச்சுத் திணறல். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. அவசரமாகச் சேர்த்து நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்த பிறகுதான் பேச முடிந்தது. முகத்தில் ஆக்ஸிஜன் மூடி இருந்ததால் என்ன பேசினாள் என்று கேட்கவில்லை.

மாமாவுக்குச் சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும், "ஏன் மாப்ள இங்க நிக்கற? நீ போயி நட. நீ நடக்கறதுதான் எனக்குத் தெம்பு" என்றார்.

மாலையில் போய்ப் பத்தொன்பது சுற்று நடந்தேன். பேக்கரி வழியாக வரவில்லை. வேறொரு கடை இருக்கிறது.

செப்டம்பர் 12, வெள்ளி

கோயம்புத்தூர். 92.8. மருத்துவர் எடையைப் பார்த்துவிட்டு, என்னை மட்டும் அடுத்த அறைக்குப் போகச் சொன்னார். மாற்று அறுவை சிகிச்சை ஒருங்கிணைப்பாளர் உமையாள் அங்கே இருந்தார். ஐம்பது வயது இருக்கும். கதவைச் சாத்தினார்.

"எல்லாக் கொடையாளர்கிட்டயும் தனியாப் பேசறது எங்க வழக்கம். உங்களுக்கு இதுல முழு விருப்பம்தானா?"

அக்கா ஆயிற்றே என்றேன்.

"அது எனக்குத் தெரியும். விருப்பமான்னு கேட்டேன்."

மேசையில் ஒரு பேப்பர் வெயிட் இருந்தது. அதை நகர்த்தி வைத்தேன். அவர் அவசரப்படவில்லை.

"வேண்டாம்னா எந்த நேரத்துலயும் சொல்லலாம். காரணம் இந்த அறையை விட்டு வெளிய போகாது. மருத்துவ ரீதியாத் தகுதி இல்லைன்னு ஒரே வரி எழுதுவோம். பொய்யும் கிடையாது. உங்க எடை இன்னும் வரம்புக்கு மேலதான் இருக்கு."

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தேன். கதவு வரை போய்விட்டுத் திரும்பினேன்.

"அப்படியே எழுதிருங்கம்மா" என்றேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அக்கா வீட்டில் எல்லோரும் எனக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள். மாமா, "நாலு மாசம் வெய்யில்லயும் மழையிலயும் நடந்தியே, உன்ற மேல என்ன தப்பு? ஒடம்பு வாகு அப்படி" என்று தோளைத் தட்டினார். அரசாங்கப் பட்டியலில் அக்காவின் பெயரைப் பதிந்தாயிற்று, இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும், முன்னால் நிறையப் பேர் இருக்கிறார்கள், பார்ப்போம் என்றார்.

அக்கா எனக்கு மோர் ஊற்றிக் கொடுத்தாள். அவளுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் அனுமதி. நான் குடித்து முடிக்கும் வரை டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை. நல்ல தூக்கம்.

செப்டம்பர் 24, புதன்

நல்ல தூக்கம் என்று எழுதியது சரியல்ல.

அக்டோபர் 7, செவ்வாய்

மாமாவுக்குக் காய்ச்சல். அக்காவைக் கூட்டிப்போகச் சுகந்தி கிளம்பினாள். நான் போகிறேன் என்றேன்.

அதே கட்டில். இந்த முறை ஊசி ஏற்றும்போது நான் தலையைத் திருப்பவில்லை. செவிலியர் போன பிறகு, பேசி வைத்ததைச் சொல்வதுபோல் ஒரே மூச்சில் சொன்னேன்.

"அக்கா, எடையில்ல. எடை ஒரு சாக்கு. கொறைய வேண்டாம்னுதான் தின்னுருக்கேன். எனக்கே அப்பத் தெரியல. பயம். அப்பா மாதிரி ஆயிருவேன்னு பயம். அந்தம்மா கேட்டப்ப நான்தான் தகுதி இல்லைன்னு எழுதச் சொன்னேன்."

"தெரியும் சாமி."

"எப்படித் தெரியும்?"

"அன்னைக்கு எனக்குத்தான் ஊசி குத்துனாங்க. நீ அந்த நாற்காலியப் புடிச்சிருந்த புடியப் பாத்தேன். மூஞ்சி வெளுத்துப்போய் உக்காந்திருந்த. அதுக்கப்பறம் வரவே இல்ல." கண்ணை மூடிக்கொண்டாள். "அந்த உமையாள் அம்மாகிட்டச் சொன்னதே நான்தான். தம்பிக்கு வாய் வராது, அவனாச் சொல்லிக்கற மாதிரி ஒரு வழி பண்ணிக் குடுங்கன்னேன்."

பக்கத்துக் கட்டிலில் ஒருவர் செல்போனில் பேரனோடு பேசிக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் வேண்டாம்னு சொல்லணும்னுதான் நெனச்சியாக்கா?"

"அப்படி நெனச்சிருந்தா நானே வேண்டாம்னு சொல்லியிருக்க மாட்டனா?" என்றாள்.

இதை எழுத அரை மணி நேரம் ஆயிற்று.

கிளம்பும்போது ஒன்று கேட்டாள். "மாமாகிட்டச் சொல்லிராத. அவருக்கு உன்னய விட்டா மனுசரில்ல." சொல்லமாட்டேன் என்றேன்.

அக்டோபர் 8, புதன்

92.9. உமையாளுக்குப் போன் செய்தேன். எடை இறங்கினால் மறுபடியும் முதலிலிருந்து பார்க்கலாம், மனதை மாற்றிக்கொள்ள யாருக்கும் உரிமை உண்டு என்றார். ரெஜினாவிடம் மறுபடி சாப்பாட்டுப் பட்டியல் வாங்கினேன். வாட்ச்சைச் சுகந்தியிடம் கொடுத்துவிட்டேன். நடக்கிறேன், ஆனால் நடையை எழுதப்போவதில்லை.

பயம் அப்படியேதான் இருக்கிறது. அதை எழுதலாம்.

அக்டோபர் 16, வியாழன்

காலை: இட்லி மூன்று, சாம்பார். மதியம்: சோறு ஒரு கப் அளந்து, கீரை, கொள்ளுப் பருப்பு. மாலை: சுண்டல். இரவு: தோசை இரண்டு. விட்டுப்போனது எதுவும் இல்லை. பசி. உண்மையான பசி வேறு மாதிரி இருக்கிறது. வயிற்றில் இருக்கிறது, நெஞ்சில் இல்லை.

அக்டோபர் 29, புதன்

90.6. மாமாவிடம் சொல்லவில்லை. அக்காவிடம் சொன்னேன். "நெசமாவா?" என்றாள். என் எடையைத் தானும் ஒரு நோட்டில் குறித்து வைப்பதாகச் சொன்னாள்.

நவம்பர் 12, புதன்

88.7. அலுவலகத்தில் பெல்ட்டுக்குப் புது ஓட்டை போட்டேன். இந்த முறை தாளில் கோடு போட்டுப் பார்க்கவில்லை. மனதில் தெரிகிறது: டிசம்பர் நடுவில்.

அக்காவுக்கு டயாலிசிஸ் நடுவே இரத்த அழுத்தம் மூன்று முறை சட்டென்று இறங்கியிருக்கிறது. கால்களை உயர்த்தி வைத்தார்களாம். வீங்கின பாதத்தில் செருப்பு நுழையாமல் மாமாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

நவம்பர் 18, செவ்வாய்

அக்காவின் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். எடுத்தவர் ஒரே இடத்தில் கருவியை வைத்து மறுபடி மறுபடி பார்த்தார். நாளை கோயம்புத்தூர்.

நவம்பர் 19, புதன்

87.9. யாரும் கேட்கவில்லை. நானாகவே ஏறிப் பார்த்துக்கொண்டேன்.

அக்காவின் இதயம் தளர்ந்துவிட்டது. உள்ளே வரும் இரத்தத்தில் பாதியாவது இறைக்க வேண்டிய இடத்தில் கால்வாசிதான் இறைக்கிறது. இந்த நிலையில் மயக்க மருந்து கொடுத்தால் மேசையிலேயே நின்றுவிடலாம் என்றார் மருத்துவர். மருந்து மாற்றித் தருகிறார், ஆறு மாதம் கழித்து மறுபடி எக்கோ. அதுவரை மாற்று அறுவை சிகிச்சைப் பேச்சு இல்லை. யாருடைய சிறுநீரகமானாலும் இல்லை. பட்டியலிலும் பெயரை நிறுத்தி வைக்கிறார்கள்.

"செப்டம்பர்ல பண்ணியிருந்தா?" என்று கேட்டேன்.

மருத்துவர் என் கோப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப ஓரளவு நல்லாத்தான் இருந்தது. ஆனா அத இப்பப் பேசி என்ன ஆகப்போகுது?"

அக்கா வெளியே சக்கர நாற்காலியில் இருந்தாள். என்ன சொன்னார் என்று கேட்டாள். ஆறு மாதம் பொறுக்கச் சொன்னார் என்றேன். "ஆறு மாசம்" என்று திருப்பிச் சொன்னாள். அவ்வளவுதான்.

நவம்பர் 30, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் மாமா, லாரி புக்கிங் விஷயமாக வந்த ஒருவருக்கு விடை கொடுத்துக்கொண்டிருந்தார். "இவன்தானுங்க என்ற மச்சான். அவங்க அக்காளுக்காக ஆறு மாசம் நடையா நடந்தவன். யாரு செய்வா இந்தக் காலத்துல?" வந்தவர் எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

என்னால் உள்ளே போக முடியவில்லை. மாமாவைப் படியிலேயே உட்காரச் சொன்னேன். அக்காவுக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் இருந்தது. ஆனாலும் சொன்னேன். பன், பப்ஸ், உமையாளின் அறை, தகுதி இல்லை என்று நானே எழுதச் சொன்னது, செப்டம்பரில் அக்காவின் இதயம் நன்றாக இருந்தது, எல்லாவற்றையும். அக்காவுக்கு இதெல்லாம் முன்பே தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மாமா முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றித் தரையைப் பார்த்தபடி இருந்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தேன். தெருவில் தண்ணீர் லாரி வந்து, பெண்கள் குடங்களோடு ஓடி, லாரி போயும் விட்டது.

"இத்தன மாசமா உங்கிட்ட நடடா நடடான்னேனே" என்றார். "ஒரு நாளாவது உங்கிட்ட, பயமா இருக்குதா மாப்ளன்னு கேட்டிருக்கணும்."

படியில் கிடந்த அவருடைய துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"இது கலாமணிக்குத் தெரிய வேண்டாம். நீ குடுக்கத்தான் நெனச்ச, ஒடம்புதான் விடலைன்னு அவ நம்பிட்டிருக்கறா. அந்த ஒரு தெம்புலதான் இருக்கறா. அவகிட்ட மட்டும் சொல்லிராத மாப்ள."

"சரிங்க மாமா" என்றேன்.

உள்ளேயிருந்து அக்கா, "ரெண்டு பேரும் அங்க என்ன பண்றீங்க? சோறு ஆறுது" என்று கூப்பிட்டாள். குரலில் இரைப்பு இருந்தது. மாமா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "இதோ வந்துட்டம்" என்று முதலில் எழுந்தார்.